கொல்லிமலை ஷோனென்: ஓர் அம்பு, ஐந்து உடல், இரண்டு காதல் பாட்டு

அனிமே பார்க்கும் பிள்ளைகள் நாலு பேர் கூடினால் ஒரு பஞ்சாயத்து தவறாமல் வந்து சேரும். எந்த வகை உசத்தி? சண்டையா, காதலா, பேயா, ராட்சத ரோபோவா, இல்லை செத்துப்போய் வேறு உலகத்தில் பிறக்கும் இசெகாயா? சண்டைக் கட்சிக்கு, அதாவது ஷோனென் ரசிகர்களுக்கு, தொண்டை பெரிது, கையில் கணக்கும் உண்டு. 1968-ல் தொடங்கிய 'ஷோனென் ஜம்ப்' வார இதழ், 1995 தொடக்கத்தில் ஒரே வாரத்தில் 65 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. 2001-ல் வந்த 'ஸ்பிரிட்டட் அவே' ஜப்பானில் வைத்திருந்த வசூல் சாதனையை, 2020-ல் 'டீமன் ஸ்லேயர்' ரயில் ஏறி உடைத்தது. அதே டீமன் ஸ்லேயர் 2025 செப்டம்பரில் நம் ஊர்த் தியேட்டருக்கு வந்து தமிழிலேயே வாளை உருவியது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்பார்கள்.

சாட்சி இருக்கிறது, நாமக்கல் மாவட்டத்தில். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி, குமட்டலை அடக்கிக்கொண்டு மேலே போனால் கொல்லிமலை. இந்த வழக்கு அங்கே ஏறக்குறைய ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே நடந்து தீர்ப்பும் எழுதியாயிற்று. தோற்ற கட்சிக்குச் சிலை வைத்ததால் யாரும் தீர்ப்பைப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

தோற்றவர் பெயர் வல்வில் ஓரி. ஷோனென் நாயகனுக்குள்ள எல்லா இலட்சணமும் பொருந்தியவர். சொந்தமாக ஒரு மலை, கையில் ஒரு வில், தோற்கவே தோற்காத ஒரு ஸ்பெஷல் மூவ். அந்த மூவை வன்பரணர் புறநானூறு 152-ல் பதிவு செய்திருக்கிறார். ஓரி அம்பை விட்டார். அது யானையைச் சாய்த்தது. அப்புறம் வாயைப் பிளந்து நின்ற புலி, அப்புறம் மான், அப்புறம் காட்டுப்பன்றி. கடைசியில் புற்றுக்குள் சிவனே என்று கிடந்த உடும்புக்குள் போய்ச் செருகி நின்றது. ஒரே அம்பு, ஐந்து உடல்.

இதில் எனக்கு ஓரியின் வில்லைவிட அந்த மிருகங்களின் ஒழுக்கம்தான் வியப்பு. யானையின் பின்னால் புலி, புலியின் பின்னால் மான், மானின் பின்னால் பன்றி என்று ரேஷன் கடை வரிசையில் நின்றிருக்கின்றன. தனக்கு முன்னால் புலி நிற்பதை அந்த மான் எப்படிப் பொறுத்துக்கொண்டது? உடும்பு பாவம், வரிசையிலேயே இல்லை. வீட்டில் இருந்தது.

அந்தச் சமயம் பார்த்து ஒரு பாணர் கூட்டம் பசியோடு அவ்வழியே வருகிறது. எய்தவர் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. மார்பில் முத்து மாலை கிடப்பதைப் பார்த்தால் கூலிக்கு வேட்டையாடுகிறவர் மாதிரி இல்லை, ஒருவேளை ஓரியேதானோ என்று சந்தேகம்.

"ஏனுங்க, தாங்கள் யாருங்க?" என்று நேரே கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். கேட்கவில்லை. முழவை எடு, யாழை மீட்டு, தூம்பை ஊது, எல்லரி தட்டு, ஆகுளி தட்டு, பதலை தட்டு என்று முழு இசைக்குழுவும் காட்டுக்குள் இறங்கிவிட்டது. இருபத்தொரு துறையையும் முறையாகப் பாடி முடித்து, கடைசியில்தான் 'கோ' என்று அரசனை விளித்தார்கள். ஜப்பான்காரன் தொடக்கப் பாட்டை ஒன்றரை நிமிஷத்தில் முடித்துவிடுகிறான். இங்கே இருபத்தொரு துறை, 'ஸ்கிப்' பொத்தான் கிடையாது.

ஓரிக்கு வெட்கம் வந்துவிட்டது. புகழ்ந்தால் தலைகுனிவதும் ஷோனென் நாயகனின் சட்டப்படியான கடமை. மான் கறி, நெய்யை உருக்கினாற்போன்ற கள், போதாததற்கு மலையில் விளைந்த பொன்னும் மணியும் அள்ளிக் கொடுத்தார். அடுத்த பாட்டில், வாங்கித் தின்றவர்கள் ஆடலையும் பாடலையும் மறந்துபோனார்கள் என்று அதே வன்பரணர் எழுதுகிறார். கலைஞனுக்கு முழுச் சம்பளமும் முன்பணமாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே நமக்குக் கிடைத்துள்ள பழைய ஆவணம்.

(வள்ளல் பேரிலும் ஒரு புகார் உண்டு. கழைதின் யானையார் என்ற புலவர் வந்தார். எதிர்பார்த்த பரிசு வரவில்லை போலிருக்கிறது. கிளம்பின நேரமும் பறவைச் சகுனமும் சரியில்லை, உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன் ஓரி, நீங்கள் வாழ்க என்று பாடிவிட்டுப் போனார். இதைவிடக் கடுமையான விமர்சனத்தைத் தமிழில் நான் படித்ததில்லை.)

நாயகன் வந்தால் எதிரி வர வேண்டும். திருக்கோவலூர்ப் பக்கத்திலிருந்து மலையமான் திருமுடிக்காரி வந்தார். இவரும் ஓரியும் ஒரே பட்டியலில், கடையெழு வள்ளல்களில், பக்கத்துப் பக்கத்துப் பெயர்கள். வில்லனும் நல்லவன் என்ற அந்த ஜப்பானியத் திருப்பத்தை நாம் அப்போதே முடித்துவிட்டோம். காரி எவ்வளவு நல்லவர் என்றால், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்த்து, மனைவியைத் தவிர அவருக்கென்று மிச்சம் ஒன்றுமில்லை என்று கபிலரே சாட்சி சொல்கிறார். பாத்திர வடிவமைப்பில்தான் கொஞ்சம் சிக்கனம். காரியின் குதிரைக்குப் பெயர் காரி, ஓரியின் குதிரைக்குப் பெயர் ஓரி. போர்க்களத்தில் யாராவது "ஓரி விழுந்துவிட்டான்!" என்று கத்தினால் அழுவதா, வேறு குதிரை கொண்டுவருவதா என்று விசாரித்துவிட்டுத்தான் முடிவு செய்திருக்க வேண்டும்.

காரி ஓரியைக் கொன்றார். மலையைச் சேரனுக்குக் கொடுத்தார். சண்டைக் கதையின் பரம்பரை வியாதியான 'யார் பலசாலி' கணக்கு இதோடு நிற்கவில்லை. காரியின் கோவலூரை அடித்தவர் தகடூர் அதியமான்; அந்த அதியமானின் தகடூரை அடித்தவர் பெருஞ்சேரல் இரும்பொறை. ஏழு வள்ளல்களில் மூன்று பேர் இந்த ஒரே டோர்னமென்ட்டில் காலி. ஈகையில் போட்டி போட்டிருந்தால் எல்லோருமே பிழைத்திருப்பார்கள், ஆனால் யார் பார்ப்பார்கள்?

மற்ற வகைகளும் அந்த மலையில் கடை போட்டுத்தான் இருந்தன. இசெகாய் கட்சிக்கு அறப்பளீசுவரர் கோயில் அருகே ஓடும் ஆற்று மீன்கள். துண்டு போட்ட மீன் மறுபடி ஒட்டிக்கொண்டு தண்ணீரில் தாவிப்போனதாக மலையில் கதை. குழம்பிலிருந்து மறுபிறவி எடுப்பது எந்த இசெகாயிலும் வராத துணிச்சல். சித்தர் குகைகளை விட்டுவிடுகிறேன், அது தனித் தொடர்.

பேய்க் கட்சியும் ரோபோ கட்சியும் அடித்துக்கொள்வது கொல்லிப்பாவைக்காக. மலையின் மேற்குப் பக்கம் தெய்வம் செய்து நிறுத்திய பெண் உருவம். சிரித்தே ஆளைக் கொல்லும் என்று பிற்காலக் கதை சொல்வதால் பேய்க் கட்சி உரிமை கொண்டாடுகிறது. அது இயந்திரப் பாவை என்று சிலர் எழுதிவைத்ததால் ரோபோ கட்சியும் விடுவதாயில்லை. சங்கப் பாட்டில் அதற்குள்ள தொழில்நுட்ப விவரம் அபாரம்: காற்றடித்தாலும் மழை கொட்டினாலும் இடி விழுந்தாலும் நிலமே நடுங்கினாலும் உருக் குலையாது. 1979-ல் வந்த முதல் 'குண்டம்' ரோபோ தொடருக்கு இந்த உத்தரவாதம் கிடையாது. பார்வையாளர் போதாமல் 43 வாரத்தில் மூட்டை கட்டினார்கள்.

காதல் கட்சி? அது குறிஞ்சி நிலத்தில், தினைப்புனத்தில், பரண்மேல் உட்கார்ந்து கிளி ஓட்டிக்கொண்டிருந்தது. தொல்காப்பியர் ஏற்கெனவே விதி போட்டுவிட்டார். மலை என்றால் குறிஞ்சி, கூடல், நள்ளிரவு, குளிர்காலம், முருகன். இன்ன நிலத்துக்கு இன்ன பொழுது, இன்ன உணர்ச்சி என்று இவ்வளவு கறாராக எந்த ஜப்பானியத் தயாரிப்பாளரும் வகை பிரித்ததில்லை. ஷோனென் என்பது வகையே அல்ல, வாசகரின் வயது என்று உடனே சண்டைக்கு வருபவர்கள் உண்டு. அவர்கள் ஆயிரம் வருஷம் முன்பு பிறந்திருந்தால் தொல்காப்பியத்துக்கு உரை எழுதியிருப்பார்கள்.

இனி வழக்குக்கு வருவோம். ஓரி செத்த செய்தி நமக்கு எங்கே கிடைக்கிறது? புறநானூற்றில் வன்பரணர் அம்பைப் பாடினார், கள்ளைப் பாடினார். மரணச் செய்தியைத் தேடினால் அகநானூறு 209-க்குப் போக வேண்டியிருக்கிறது. அது கல்லாடனார் எழுதிய பாலைப் பாட்டு. பொருள் தேடப் போன காதலனை நினைத்து வாடும் பெண்ணுக்குத் தோழி ஆறுதல் சொல்கிறாள். உன் அழகை அவர் மறக்க மாட்டார், அது எப்படிப்பட்ட அழகு தெரியுமா, காரி ஓரியைக் கொன்று சேரனுக்குக் கொடுத்தாரே, பலா காய்த்துக் கிடக்கும் அந்தக் கொல்லிமலையில் இருக்கும் பாவையைப் போன்ற அழகு என்கிறாள். கவனியுங்கள். ஒரு மன்னன் செத்து, ஒரு மலை கைமாறி, ஒரு நாடே கவிழ்ந்திருக்கிறது. எல்லாம் ஒரு பெண்ணின் அழகுக்கு முகவரி சொல்ல.

இன்னொன்று நற்றிணை 320. எழுதியவர் கபிலர், காரியை நேரில் போய்ப் பாடி வந்தவர். அந்தப் போரைப் பற்றி விலாவாரியாகச் சொல்ல அவரைவிடத் தகுதியானவர் யார்? அவர் என்ன செய்தார் தெரியுமா? ஊரில் திருவிழா முடிந்துவிட்டது, முழவும் தூங்கிவிட்டது. அப்போது இளம் பரத்தை ஒருத்தி தழையாடை கட்டிக்கொண்டு தெருவில் நடந்துபோகிறாள். நடந்தாள், அவ்வளவுதான். ஊரே 'ஓ'வென்று இரைகிறது. எது மாதிரி? ஓரியைக் கொன்ற கையோடு காரி ஓரியின் பெரிய தெருவுக்குள் நுழைந்தபோது எழுந்த இரைச்சல் மாதிரி. பெண்டாட்டிமார் அவரவர் புருஷனை வீட்டுக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு பெருமூச்சு விட்டார்கள். வல்வில் ஓரியின் வீழ்ச்சி, தமிழின் மகத்தான கிளைமாக்ஸ், இங்கே ஒரு தெருக் கலவரத்துக்குப் பின்னணி ஒலி!

பேய்க் கட்சியும் தப்பவில்லை. குறுந்தொகை 100-ல் அதே கபிலருக்குக் கொல்லிப்பாவை, மணந்துகொள்ளக் கிடைக்காத மலைப்பெண்ணுக்கு உவமை. நிலநடுக்கத்துக்கும் அசையாத அந்த உத்தரவாதம் இருக்கிறதே, அது நற்றிணை 201-ல் காதலன் நெஞ்சைவிட்டுப் போகாத பெண்ணுக்கு உவமை. ரோபோவின் விவரக் குறிப்பையும் காதல் கடிதத்தில் ஒட்டிவிட்டார்கள்.

காதலுக்கு இருக்கும் சலுகை இதுதான். அது போரை, பேயை, ராஜாவை, குதிரையை யாரிடம் வேண்டுமானாலும் இரவல் வாங்கலாம். சண்டைக் கதை அப்படி வாங்க முடியாது. காதலர் பெயரைச் சொல்லாதவரை அகம். பெயர் வெளியே வந்தால் அது புறம். 'நெடுநல்வாடை'யில் பாசறையில் நிற்கும் ஒருவர் கையிலுள்ள வேலில் வேப்பம்பூ மாலையைச் சுற்றிவிட்டார்கள். வேம்பு பாண்டியனின் அடையாளம், ஆகவே அகப்பாட்டு கெட்டது என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் தள்ளிவிட்டார். ஒரு மாலை போதும், ஆளை வெளியே அனுப்ப.

எண்ணிக்கையைப் பார்த்தாலும் கதை அதேதான். எட்டுத்தொகையில் அகத்துக்கு ஐந்து நூல், 1,800 பாட்டுக்கு மேல். புறத்துக்கென்று புறநானூறும் பதிற்றுப்பத்தும். நம் கைக்குக் கிடைத்தவை 500-ஐத் தொடவில்லை. பரிபாடல் இரண்டு கட்சியிலும் உறுப்பினர். ஜப்பானிலும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. 1969 அக்டோபரில் தொடங்கி இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் 'சசாயே-சான்' தொடரில் யாரும் யாரையும் வெட்டுவதில்லை. ஒரு குடும்பம் சாப்பிடுகிறது, கடைக்குப் போகிறது, மறுபடி சாப்பிடுகிறது. உலகிலேயே மிக நீண்ட காலம் ஓடும் கார்ட்டூன் தொடர் என்ற கின்னஸ் சாதனை அதற்குத்தான்.

சண்டைக் கட்சிக்கு ஒரே ஒரு நியாயம் உண்டு, விளம்பரம். புறநானூற்றை உ.வே.சா. 1894-லேயே அச்சுக்குக் கொண்டுவந்துவிட்டார். பின்னத்தூர் நாராயணசாமி ஐயரின் நற்றிணைப் பதிப்பு வந்தது 1915-ல். ஓரியின் அம்பு தெருத்தெருவாய்ப் பறந்து முடித்து 21 வருஷம் கழித்துத்தான் கபிலரின் அந்தப் பெண் அச்சில் நடந்தாள். அதற்குள் சண்டை ரசிகர் மன்றம் கட்சி கட்டிவிட்டது. செம்மேட்டில் ஓரிக்குச் சிலை, ஆடி மாதம் அரசு விழா, வில்வித்தைப் போட்டி எல்லாம் அதன் தொடர்ச்சி.

ஆகவே தீர்ப்பு காதல் கட்சிக்கு. அடுத்த ஆடியில் வல்வில் ஓரி விழாவுக்குப் போகிறவர்கள் பேருந்தில் ஏறும்முன் நற்றிணை 320-ஐ ஒருமுறை படித்துவிடுங்கள். பத்தே வரிப் பாட்டு. வளைவுகள் ஆரம்பித்த பிறகு படித்தால் வாந்தி வரும்.