துணித் திரையும் ஒளிக் கீற்றும்

கேள்வி: பேட்டரியே இல்லாத பழைய லைக்கா கேமரா, ஒரு நொடியில் 500-ல் ஒரு பங்கை எப்படி அளந்தது?

பதில்: அது நேரத்தை அளக்கவில்லை, இடைவெளியை அளந்தது! ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் ஆஸ்கார் பர்னாக் வடிவமைத்து, 1925-ல் சந்தைக்கு வந்த லைக்காவில், ஃபிலிமுக்கு முன்னால் ரப்பர் பூசிய துணித் திரைகள் இரண்டு உண்டு. பொத்தானை அழுத்தியதும் சுருள்வில் முதல் திரையை இழுக்கும். அதன் பின்னால் இரண்டாவது ஓடும். திரைகள் ஓடும் வேகம் ஏறக்குறைய மாறாது. மாறுவது அவற்றின் நடுவே உள்ள பிளவின் அகலம்தான். ஒளி அதிக நேரம் விழ வேண்டிய அமைப்பில் முதல் திரை முழுக்க விலகிய பிறகே இரண்டாவது கிளம்பும். 1/500-ல் அது முன்னதாகவே துரத்தத் தொடங்குவதால், சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒளிக் கீற்று மட்டும் ஃபிலிம் மேல் நகர்ந்து போகும். ஆகவே படத்தின் இரு ஓரங்களும் ஒரே கணத்தில் பதிவாவதில்லை. குறுக்கே விரையும் கார், போகும் திசையைப் பொறுத்துச் சற்று நீண்டோ குறுகியோ விழுவது இதனால்தான்.

லைக்காவுக்காகச் சினிமா ஃபிலிமின் 18×24 மி.மீ. கட்டத்தை இரட்டித்து 24×36 ஆக்கியதும் பர்னாக்கே. ஆனால் அவருடைய கேமராவில் மிக அழகான பாகம், மேலே இருக்கும் ஒரு சிறு குமிழ். அதைத் திருகினால் ஃபிலிம் ஒரு கட்டம் நகரும். அதே திருகலில் திரைகளும் ஒன்றையொன்று மூடியபடி பழைய இடத்துக்குத் திரும்பி, வில் முறுக்கேறும். மறதியால் ஒரே கட்டத்தில் இரண்டு படம் எடுக்கும் தொல்லை இதனால் ஒழிந்தது. ஆனால் துணித் திரைக்குப் பெரிய எதிரி ஒன்று உண்டு: வெயில். மூடியில்லாத லென்ஸ் சூரியனைப் பார்த்தபடி இருந்தால், குவியும் ஒளி திரையில் ஓட்டை போட்டுவிடும்.