கண்மாய்க் கரையில் கப்பல் வியாபாரம்

எம்.ரெட்டியபட்டியில் மழை பெய்த ஆண்டைவிடப் பெய்யாத ஆண்டையே ஜனங்கள் நன்றாக நினைவில் வைத்திருப்பார்கள். அப்பேர்ப்பட்ட ஊரின் கண்மாய்க் கரையில், சீமைக்கருவேல் மண்டிய உள்வாயைப் பார்த்தவாறு இருவர் உட்கார்ந்து சமுத்திரப் பிரயாணத்தைப் பற்றி நடத்திய சம்பாஷணையை இங்கே எழுதுகிறேன். ஒருவர், பூகோள பாடம் போதித்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஆடி அமாவாசைக்குச் சேதுக்கரையில் முங்கி எழுந்ததைத் தவிரக் கடலோடு வேறு பாந்தவ்யம் இல்லாதவர். மற்றவர், தூத்துக்குடித் தோணிகளில் தண்டலாக, அதாவது தோணித் தலைவராக இருந்து, கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போய்வந்து, முதுமையில் மகளைக் கட்டிக்கொடுத்த இவ்வூரில் வந்து தங்கியிருப்பவர். கேட்டாலொழியக் கடலைப் பற்றி வாய் திறவாதவர்.

வாத்தியார்: அண்ணாச்சி, தங்களிடம் ஒரு முக்கியமான ஆலோசனை கேட்க வேண்டும். பருத்தி வெடித்தால் விலையில்லை, விலையிருந்தால் பருத்தியில்லை என்னும் இந்தக் கரிசலில் அறுபது வயதைக் கடத்திவிட்ட நான், எஞ்சிய ஆயுளைப் பாய்மரப் படகு ஒன்றில் குடியேறி, தேசதேசாந்தரம் சுற்றி, சமுத்திரத்திலேயே வாசம் செய்து கழிப்பதென்று சங்கற்பம் செய்துகொண்டிருக்கிறேன். புஞ்சையைச் சூரிய மின்சாரக் கம்பெனிக்குக் கிரயம் பேசியாயிற்று. புதுப் படகுக்கு அந்தப் பணம் காணாது. ஆகையால் பழைய படகாகப் பார்க்கிறேன்.

தண்டல்: நல்ல காரியம். வீட்டில் அம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா, வாத்தியாரையா?

வாத்தியார்: படகை வாங்கிவிட்டுச் சொல்லலாமென்று இருக்கிறேன்.

தண்டல்: அப்படியானால் முதல் புயல் எந்தத் திசையிலிருந்து அடிக்கும் என்பது தெரிந்துவிட்டது. மேலே சொல்லுங்கள்.

வாத்தியார்: மலேயாவிலே லங்காவி என்றொரு தீவு இருக்கிறது, சுங்கவரி இல்லாத தீவு. உலகம் சுற்றப் புறப்பட்ட வெள்ளைக்காரர்கள் சலித்துப்போய்த் தங்கள் படகுகளை அங்கே விற்றுவிட்டு விமானத்தில் ஊர் திரும்புகிறார்களாம். அங்கே ஒரு படகின் படங்களைப் பார்த்தேன். நீளம் ஐம்பது அடி! பத்துப் பேர் பந்தியில் அமரலாம் போன்ற விசாலமான கூடம், அகலக் கட்டில் போட்ட மூன்று அறைகள், குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், இவையனைத்தும் என் புஞ்சையின் விலைக்குக் காலணா கூடாமல் குறையாமல் கிடைக்கின்றன என்றால், இதைத் தெய்வ சங்கற்பம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

தண்டல்: அந்தப் படகை விற்கிறவர் ஏன் சலித்துப்போனார் என்று விசாரித்தீர்களா?

வாத்தியார்: அது அநாகரிகமான கேள்வி அல்லவா?

தண்டல்: அருப்புக்கோட்டைப் பக்கத்து மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் காளை வாங்கினவர் எவரும் இல்லை, காளையும் அதை அநாகரிகமாக நினைத்ததில்லை. பழைய படகுக்குப் பேசுகிற விலை, வீட்டு வாசலில் கொடுக்கிற அச்சாரம் மாத்திரமே. பாய்மரத்தை நாலாபக்கமும் இழுத்துப் பிடித்திருக்கும் கம்பிவடங்களைப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை மாற்றியாக வேண்டும். பாய் வெயிலில் இற்றுப்போகும். இயந்திரமும் மின்கலமும் தங்கள் முறை வரும்போது படுத்துக்கொள்ளும். கையிலிருப்பதில் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்துக்குத்தான் படகு தேட வேண்டும். கடைசிக் காசையும் கொடுத்து ஐம்பதடிப் படகை வாங்கினவர், அதை நங்கூரமிட்ட இடத்திலேயே வைத்துக் காவல் காக்க வேண்டியதுதான்.

வாத்தியார்: தாங்கள் அதைரியப்படுத்துகிறீர்கள். ஜோஷுவா ஸ்லோகம் என்னும் மகானுபாவர், மாஸசூஸெட்ஸிலே ஒரு வயற்காட்டில் முட்டுக்கொடுத்து நிறுத்திப் பாழாய்க் கிடந்த கிழட்டுச் சிப்பிப் படகை இனாமாகப் பெற்று, 1895-ல் புறப்பட்டு 1898-ல் உலகத்தைத் தனியொருவராகச் சுற்றி வந்துவிட்டாரே! காசு செலவழித்தாரா?

தண்டல்: செலவழித்தாராம், 553 டாலர். அந்தக் கதையை எனக்கும் ஒரு கப்பல்காரர் சொல்லியிருக்கிறார். இனாமாக வந்த படகைப் பதின்மூன்று மாதம் தம் கையாலேயே பலகை பலகையாகக் கழற்றி, ஓக் மரம் வெட்டிச் சட்டம் செதுக்கிப் புதிதாகவே கட்டினார். அவர் பெரிய கப்பல்களுக்குக் கப்பித்தானாக இருந்தவர். தாங்கள் சென்ற வாரம் திண்ணைக் கதவுக்குக் கீல் மாட்ட அருப்புக்கோட்டையிலிருந்து ஆசாரியை வரவழைத்ததாக என் மருமகன் சொன்னான்.

(வாத்தியார் இதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பூகோளம் கற்பித்தவர்களுக்கு உதாரணங்கள் ஒன்று தவறினால் அடுத்தது தயாராக இருக்கும்.)

வாத்தியார்: போகட்டும், நம் நாட்டுக்காரரையே சொல்கிறேன். அபிலாஷ் டோமி 2022 செப்டம்பரில் பிரான்சிலிருந்து புறப்பட்டு, 236 நாள் எங்கும் கரை ஒதுங்காமல் தன்னந்தனியே உலகைச் சுற்றி, தனியாள் பாய்மரப் பந்தயம் ஒன்றில் இரண்டாவதாக வந்தார். இந்தியன் ஒருவனால் முடிந்தது இன்னொருவனால் முடியாதா?

தண்டல்: அவர் கடற்படை அதிகாரியாக இருந்தவர், அதை விடுங்கள். அவர் ஏறிப்போன படகு எத்தனை அடி?

வாத்தியார்: அது... முப்பத்தாறு.

தண்டல்: வடிவம் எந்தக் காலத்தது?

வாத்தியார்: 1980-ம் ஆண்டு வரைந்தது என்பார்கள். 1988-க்கு முந்திய வடிவமாகவும், 32 அடிக்குக் குறையாமலும் 36 அடிக்கு மேற்படாமலும், அடிக்கட்டை நீண்டதாகவும் இருக்க வேண்டும் என்பது அந்தப் பந்தயத்தின் விதி.

தண்டல்: விதி எழுதியவனுக்குக் கடல் தெரிந்திருக்கிறது. அந்த அடிக்கட்டை, அதாவது ஏராக்கட்டை, முன்னும் பின்னும் நீண்டு ஓடினால் படகு தன் போக்கில் நேராகப் போகும். சுக்கானை அதன் முதுகிலேயே பொருத்தியிருப்பதால் மிதக்கும் மரக்கட்டை வந்து மோதினாலும் முறியாது. தங்கள் ஐம்பதடிப் படகில் சுக்கான் தனியாகத் தொங்குமே, பார்த்தீர்களா?

வாத்தியார்: படத்தில் கட்டில்தான் தெரிந்தது.

தண்டல்: அந்தக் கட்டிலைப் பற்றியும் சொல்கிறேன். துறைமுகத்தில் அகலக் கட்டில் சொர்க்கம். கடலில் படகு ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நாட்கணக்கில் ஓடும்போது, பிரேதப் பெட்டி அளவுக்குக் குறுகிய பலகையில், இருபுறமும் முட்டுக்கொடுத்துக் கிடப்பவன்தான் உறங்குவான்; விசாலமான கூடத்தில் நிற்பவன் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் பறந்துபோய் விலாவை முறித்துக்கொள்வான். காற்று ஏறும்போது ஐம்பதடிப் படகின் பெரிய பாயை இறக்கிச் சுருக்க வேண்டுமே, தங்கள் முழங்கால் வாதம் என்ன சொல்லும்? அதே டோமிக்கு 2018 செப்டம்பரில் தென் இந்தியப் பெருங்கடலில் பாய்மரம் முறிந்து முதுகெலும்பும் நசுங்கி, அசையாமல் கிடந்து, மூன்றாம் நாள் பிரெஞ்சுக் கப்பல் வந்து தூக்கியது. அவரே அப்படிக் கிடந்தார்.

வாத்தியார் (குரல் தணிந்து): சரி, சிறிய படகாகவே பார்க்கிறேன். எப்படிச் சோதிப்பது?

தண்டல்: தண்ணீரில் மிதக்கிற படகைப் பார்த்து விலை பேசாதீர்கள், கரையேற்றச் சொல்லுங்கள். அதற்கென்று இருக்கிற பரிசோதகருக்குத் தாங்களே கூலி கொடுங்கள். விற்பவர் அழைத்து வருகிற பரிசோதகர் வேண்டாம். தாங்கள் வைத்த ஆள் சின்ன மரச்சுத்தி ஒன்றெடுத்து மேல்தட்டைச் சாண் சாணாகத் தட்டிப் பார்ப்பார். கணீரென்றால் திடம், பொத்தென்றால் பைபர் ஏட்டுக்கு நடுவில் வைத்த இலேசான மரம் நீர் குடித்து உளுத்துவிட்டதென்று அர்த்தம். அடிப்பாகத்தில் அம்மைக் கொப்புளம் போலத் தெரிந்தால் ஒன்றைக் குத்தச் சொல்லுங்கள்; காடி வாடையோடு நீர் வடியும். அது ஆளைக் கொல்லாது, பணத்தைக் கொல்லும். அப்புறம், கம்பிவடங்கள் வந்து சேரும் எவர்சில்வர்ப் பட்டைகள். எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று தாங்கள் வகுப்பில் போதித்திருப்பீர்கள்.

வாத்தியார்: போதித்திருக்கிறேன்.

தண்டல்: காற்றுப் படாமல் உப்புநீர் தேங்குகிற இடுக்கில் அதுவும் அரிக்கும். மேலே பளபளக்கும்; தட்டுக்குள் மறைந்த பாகத்தில் விரிசல் விட்டிருக்கும். கழற்றிப் பார்த்தாலன்றித் தெரியாது. பாய்மரம் விழுவதெல்லாம் பெரும்பாலும் இந்த மாதிரி முழ நீளப் பட்டையும் ஊசியும் விட்டுப்போவதால்தான். கடைசியாக, படுக்கைப் பலகையைத் தூக்கிவிட்டுத் தலையை உள்ளே விட்டு மோந்து பாருங்கள். எண்ணெய் வாடையும் புளித்த வாடையும் விற்பவருக்காகப் பொய் சொல்லாது.

வாத்தியார்: மரப்படகாக வாங்கினால் இந்த இம்சை இல்லையே?

தண்டல்: வேறு இம்சை உண்டு. வருஷந்தோறும் கரையேற்றி, பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்துக் கலப்பத்து அடிக்க வேண்டும். தோணியின் வளைவுச் சட்டத்துக்கு நாட்டுக் கருவேலம், இடுக்குக்குப் பருத்தி. தங்கள் கரிசல் சரக்கெல்லாம் எப்போதோ கடலுக்குப் போய்விட்டது, தாங்கள்தான் தாமதம்.

வாத்தியார்: ஒட்டப்பிடாரத்திலே பிறந்த வ.உ.சி. 1907-ல் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களையே வரவழைத்தாரே, அந்த மண்ணுக்குப் பக்கத்து மண் அல்லவா இது!

தண்டல்: கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அவர் சிறைக்குப் போனபின் காலியாவை யார் வாங்கியது? அவர் எதிர்த்த வெள்ளைக்காரக் கம்பெனியே வாங்கியது. கப்பலை வாங்கப் பத்துப் பேர் யோசனை சொல்வார்கள். விற்கப் போனால் ஒருவன் வருவான், அவன் சொன்னதுதான் விலை. லங்காவிப் படகு தங்களுக்கு மலிவாகக் கிடைப்பதும் அதனால்தான். இங்கே கொண்டுவந்தால் சுங்கவரி உண்டு. தூத்துக்குடியில் உல்லாசப் படகுக்கென்று துறை இல்லை. கொச்சி போல்காட்டியில் கட்டிப்போட்டு வாடகை அளக்க வேண்டும். அது கிடக்கட்டும். தண்ணீருக்கு என்ன ஏற்பாடு?

வாத்தியார் (உற்சாகம் திரும்பியவராய்): அதற்காகத்தானே போகிறேன்! இந்த ஊரின் தண்ணீர்ப் பஞ்சத்திலிருந்து விமோசனம்!

தண்டல்: முப்பதடிப் படகில் இருநூறு, முந்நூறு லிட்டர் பிடிக்கும் தொட்டி இருந்தால் பெரிது. கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரம் உண்டு. அது நடுக்கடலில்தான் பழுதாகும். டோமி போன்றவர்கள் பாயில் விழும் மழையைப் பிடித்துக் குடித்தார்கள். குளியல் உப்புநீரில், பாத்திரம் உப்புநீரில் கழுவி, ஒரு செம்பு நல்ல தண்ணீரில் அலச வேண்டும், அரிசி களைந்த நீரைக்கூட வீணாக்கலாகாது. தங்கள் வீட்டில் குழாய்த் தண்ணீர் எத்தனை நாளைக்கொரு முறை வருகிறது, எத்தனை குடம் பிடிப்பார்கள், எது குடிக்க, எது புழங்க என்று தங்களுக்குத் தெரியுமா?

வாத்தியார்: அதெல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள்.

தண்டல்: அப்படியானால் இந்த ஊரில் ஆழ்கடல் பிரயாணத்துக்கு யோக்கியதை உள்ளவர் அந்த அம்மாள் ஒருவர்தான். தாங்கள் பிரயாணி, அவர்கள்தான் தண்டல். அவர்கள் பார்த்துச் சம்மதியாத படகுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். இது போகட்டும், கிரயம் பேசியாயிற்று என்றீர்களே, பத்திரம் பதிவாகிவிட்டதா?

வாத்தியார்: அதில்தான் சிறு சிக்கல். புஞ்சை அவளுக்கு அவள் தகப்பனார் சீதனமாகக் கொடுத்தது. பட்டா அவள் பேரில் இருக்கிறது.