முப்பத்துநான்கு பின் இயல்: நூற்பாவும் உரையும்

ஆய்வுப்பொருள்: திருப்பூர் வட்டாரத்துப் பழைய கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷினில், போர்டுக்கும் பிளாப்பி டிரைவுக்கும் நடுவே கிடக்கும் பட்டைக் கேபிள்.

ஆய்வின் தேவை: ஜப்பானில் சோனி 2011இல் பிளாப்பி விற்பனையை நிறுத்திவிட்டது. அந்தச் செய்தி மெஷினுக்குப் போய்ச் சேரவில்லை. டிஎஸ்டி என்ற ஃபைல் வடிவத்தில் உள்ள டிசைனில் ஒரு தையலுக்கு 3 பைட்தான். 20,000 தையல் விழும் டிசைன் சுமார் 60 கேபி. 1.44 எம்பி பிளாப்பியில் இரண்டு டஜன் டிசைன் அடங்கும். இப்படித் திருப்தியாக ஓடும் மெஷினை எடைக்குப் போட எந்த முதலாளிக்கு மனம் வரும்? டிரைவைக் கழற்றிவிட்டு, பென்டிரைவ் செருகும் எமுலேட்டரை மாட்டுகிறார்கள். இயல் இங்கே தொடங்குகிறது.

நூற்பா 1: ஒற்றைப்படை எல்லாம் தரையே, இரட்டைப்படையே வினை புரியும்.

உரை: 1, 3, 5 என வரும் 17 பின்களும் கிரவுண்ட். மோட்டார், ஹெட் நகர்வு, படித்தல், எழுதுதல் யாவும் மற்றவற்றின் பொறுப்பு. “பாதிப் பேர் சும்மா நிற்கிறார்கள், குறைத்துவிடலாமே” என்பர் காண்ட்ராக்டர் மரபினர். அது பொருந்தாது. பக்கத்துப் பக்கத்துச் சிக்னல்கள் ஒன்றில் ஒன்று கலக்காமல் நடுவே நின்று தடுப்பதே தரைக்கம்பியின் தொழில்.

நூற்பா 2: சிவப்போரம் ஒன்றாம் பின்.

உரை: கேபிளின் சிவப்பு ஓரக் கம்பி ஒன்றாம் பின்னுக்கு உரியது. “திருப்பிச் செருகினால் என்ன?” எனின், இந்த இணைப்பில் கட்டளை இடுவது என்றால் கம்பியைத் தரைக்கு இறக்குவது. திருப்பிச் செருகினால் 34க்கு 1, 2க்கு 33 என மாறி, டிரைவின் இரட்டைப்படைப் பின்கள் முழுதும் தரையில் விழும். ‘உன்னைத்தான்’, ‘சுற்று’, ‘நகரு’, ‘எழுது’ ஆகிய யாவும் ஒருசேரப் பிறக்கும். டிரைவின் விளக்கு அணையாமல் எரியும். உள்ளே பிளாப்பி இருந்தால் டிசைனும் கெடலாம். அணையா விளக்கை மங்கலம் எனக் கொள்ளற்க.

நூற்பா 3: முறுக்கு உண்டேல் பிசி வழி, இன்றேல் ஷுகார்ட் வழி.

உரை: 34 பின் முறையைப் பரப்பியது 1976இல் வந்த ஷுகார்ட் எஸ்ஏ400. அதில் 10, 12, 14 டிரைவைத் தேர்வு செய்ய, 16 மோட்டாருக்கு. 1981இல் வந்த ஐபிஎம் பிசி, 10 முதல் 16 வரையுள்ள 7 கம்பிகளை முறுக்கிவிட்டது. இரண்டு டிரைவுக்கும் ஒரே ஜம்பர் அமைப்புப் போதும் என்றாயிற்று. இரு வழிக்கும் சாக்கெட் ஒன்றே என்பதால், முறுக்கைப் பாராமல் சாக்கெட்டை மட்டும் பார்த்துப் பிரித்தறிய முடியாது. வழி தவறினால் போர்டு 10இல் கூப்பிடும். எமுலேட்டர் 12இல் காத்திருக்கும். எமுலேட்டரின் எஸ்0, எஸ்1 ஜம்பர்கள் இதற்காகவே உள்ளன. களத்தில் வழங்கும் தீர்ப்போ, “ஏனுங்ணா, ஜம்பரை மாத்திப் போட்டுப் பாக்கலாமுங்களா?” என்பது. அளவை நூலார் இதனைக் காட்சி அளவையில் அடக்குவர்.

நூற்பா 4: இறுதிப் பின் இருபொருள் உடைத்து.

உரை: ஷுகார்ட் வழி வந்த பல டிரைவுகளில் 34ஆம் பின் ‘ரெடி’ என்கிறது, பிசி வழியில் ‘டிஸ்க் மாறிவிட்டது’ என்கிறது. ஒன்றை எதிர்பார்த்து மற்றதைக் கேட்ட போர்டு, பென்டிரைவ் செருகியிருந்தும் டிஸ்க் இல்லை என்று சாதிக்கும். ஒரே வாயில் ‘ரெடி’யும் ‘மாற்றமு’ம் பிறப்பது வழுவன்றோ எனின், அன்று. சாம்பிளுக்கு ஓகே சொல்லும் பையர், லோகோவின் நிறத்தை மாற்றச் சொல்வதும் அதே மெயிலில்தான். அதற்கு மட்டும் ஜம்பர் இல்லை.