உப்புத் தின்னும் சாலைகள்

பனிக்காலத்தில் கனடாவில் பனியை உருக்க ரோட்டுக்கு உப்புப் போடுகிறார்களாமே, ரோட்டுக்கும் ருசி கேட்கிறதா?

உப்பைத் தின்பது ரோடு. கரைந்தோடி ஏரியில் சேரும் அந்த உப்புத் தண்ணீரைக் குடித்துத் தவிப்பது மீன்! ஒரு டீஸ்பூன் உப்பு 5 காலன், அதாவது சுமார் 19 லிட்டர் நன்னீரைக் கெடுக்கப் போதும் என்கிறது பக்கத்து நாடான அமெரிக்காவின் மினசோட்டா மாநில மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு. கனடா அரசு 2001-லேயே சாலை உப்பு சுற்றுச்சூழலுக்குக் கேடு என்று மதிப்பிட்டுவிட்டது.

உப்பைக் குறைத்தால் வண்டி வழுக்காதோ?

கொட்டுகிற உப்பெல்லாம் ரோட்டில் நிற்கிறது என்று யார் சொன்னது? உலர்ந்த கல்லுப்பில் ஒரு பகுதி விழுந்த வேகத்தில் துள்ளி ஓரத்துக்கு ஓடிவிடும். அதனால்தான் பல நகராட்சிகள், பனி விழுமுன்பே சுமார் 23 சதவீத உப்புக்கரைசலைக் கோடு கோடாகத் தெளித்துவிடுகின்றன. பனி தார் மீது இறுகிப் பிடிக்காது, பனிக்கலப்பை வண்டி வழித்துத் தள்ளுவதும் சுலபம். குளிர் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போனால் சாதா உப்புக்கும் கை விறைத்துவிடும். மேலும் மேலும் கொட்டுவது வீண் செலவு.

உப்புக்கு மாற்றே கிடையாதா?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் சீஸ் தேசம். அங்கே போல்க் கவுண்டியில், சீஸ் ஆலையில் மிஞ்சும் உப்புநீரையே லாரியில் ஏற்றி ரோட்டுக்கு விட்டிருக்கிறார்கள். கனடாவின் கால்கரி நகரில் பீட் கிழங்குச் சாறு கலந்த கரைசலைச் சோதித்துப் பார்த்தார்கள். பீட்சாவுக்கும் பொரியலுக்கும் போக மீதி, ரோட்டுக்கு!