சிசிடிவி கேமராவின் உட்பனி: இலக்கணமும் பரிகாரமும்

வீட்டு வாசலிலோ மாடிச் சுவரிலோ வெளிப்புறமாக மாட்டிய சிசிடிவி கேமராவின் கண்ணாடிக்குப் பின்னால், துணிக்கு எட்டாத இடத்தில் படியும் ஈரப்படலம் உட்பனி எனப்படும். இரவில் தோன்றி, விடியலில் முற்றி, வெயில் ஏறியதும் சுவடின்றி மறைவது இதன் இயல்பு. ஆகவே கேமராக்காரர் காலை பதினொரு மணிக்கு வந்து பார்க்கையில் படம் பளிச்சென்று இருப்பதும், "எல்லாம் நல்லாத்தானே இருக்கு சார்" என்று அவர் ஏணியை மடக்குவதும் இந்நோயின் முதற்குறிகளாகக் கொள்ளப்படும். வெயில் ஏறுமுன் காலை வெளிச்சத்தில் திரை சற்றே மங்கும், அவ்வளவே. இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது அவ்வொளி ஈரத்தில் பட்டுச் சிதறி, ஒரு பங்கு சென்சாருக்கே திரும்பிவிடுவதால் தெரு முழுவதும் வெளுத்துப்போகும். அந்நேரத்தில் கேட்டருகே நிற்பது திருடனா, பால்காரரா, வேப்பமரமா என்று துணிதல் அரிது.

இதனைப் புறப்பனியிலிருந்து பிரித்தறிதல் வேண்டும். விரலால் துடைத்தால் போவது புறப்பனி. தெளிந்த இரவில் திறந்த வானத்தை நோக்கியிருக்கும் பொருள் தன் வெப்பத்தை வானுக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோவதால் அது உண்டாகிறது. வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்னும் லண்டன் மருத்துவர் 1814இல் வெளியிட்ட பனி பற்றிய நூலில் இதை விளக்கினார். பலகைக்கு மேலும் கீழும் கம்பளிப் பஞ்சை வைத்து, காலையில் இரண்டையும் நிறுத்துப் பார்த்தார். வானத்தைப் பார்த்த பஞ்சே கூடுதல் பனியை ஏற்றிருந்தது. கேமராவை சன்ஷேடுக்கு அடியில் மாட்ட வேண்டும் என்ற விதிக்கு இதைவிடப் பழைய ஆதாரம் தேவையில்லை. நம்மவர் சன்ஷேடை விட்டு, முழுத் தெருவும் தெரிய வேண்டுமென்று மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் முனையைத் தேர்வது தனி ஆய்வுக்குரியது.

உட்பனிக்குக் காரணம் மழைநீர் புகுந்ததே என்பது பெருவழக்கான கொள்கை. கேமராக்காரரும் வீட்டுக்காரரும் ஒருசேர ஏற்கும் கருத்து இது ஒன்றே. அதற்குப் பொறுப்பு யார் என்பதில்தான் இருவரும் வேறுபடுவர். மெல்லிய படலத்தைப் பொறுத்தவரை இக்கொள்கை பொருந்தாது. ஏனெனின், தண்ணீர் அங்கே நீராவியாகவே குடிபுகுந்துவிடுகிறது. ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும்; 20 டிகிரியில் 17 கிராமே தாங்கும். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றின் நீராவி, 26 டிகிரிக்கு வந்ததுமே நீராகத் தொடங்கும். இதுவே அக்காற்றின் பனிநிலை. சென்னையில் ஐப்பசி மாலையொன்றில் கேமராவைத் திறந்து, குனிந்து பார்த்து, பெருமூச்சு விட்டு மூடினால் இத்தகைய காற்றே உள்ளே சிறைப்படும். உள்வெளி 200 மில்லி என்று கொள்க. மார்கழி விடியலில் கண்ணாடி 22 டிகிரிக்கு இறங்கினால் அதிலிருந்து பிரியும் நீர் ஏறத்தாழ 1 மில்லிகிராம். அதாவது ஒரு சொட்டில் ஐம்பதில் ஒரு பங்கு. ஒரு தெருவையே மறைக்க அது போதும்.

கண்ணாடியின் அடிப்பகுதியில் சொட்டாகத் தேங்கி நின்றால் கதை வேறு. சிறைப்பட்ட காற்றால் அவ்வளவு நீரைத் தர இயலாது. அங்கே கேமரா மூச்சு விடுகிறது என்றறிக. நண்பகல் வெயிலில் அதன் உடல் 55 டிகிரிக்குச் சூடேறும். உள்ளிருக்கும் காற்று விரிந்து ரப்பர் வளையத்தின் இடுக்கு வழியாகவும் கேபிளின் உறைக்குள்ளாகவும் மெல்லக் கசியும். பிற்பகலில் திடீர் மழை. உடல் 27 டிகிரிக்குக் குளிர்கிறது. உள்ளே காற்றழுத்தம் 8 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. இது ஏறத்தாழ 85 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரை இழுக்கவல்ல உறிஞ்சல். மழைநீர் கேபிள் இணைப்பின் மேல் நிற்பதும் சரியாக அதே வேளையில்தான். ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிப்பதுபோல் கேமரா அதைக் குடித்துவிடுகிறது. இணைப்பு, கேமராவுக்குக் கீழே ஒரு முழம் தள்ளித் தொங்கினாலும் தப்ப வழியில்லை. கேபிள் உறைக்கும் உள்கம்பிகளுக்கும் இடையிலான இடைவெளியே குழாயாகிவிடும்.

அட்டைப்பெட்டியின் மேல் ஐபி66, ஐபி67 என்று அச்சிட்டிருப்பதைக் காட்டி இதனை மறுப்பாரும் உளர். ஐஇசி 60529 என்னும் தரவரையறையில் நீருக்கான எண் 6 என்றால், நிமிடத்துக்கு 100 லிட்டர் வீதம் பீய்ச்சும் நீரைத் தாங்கியது என்று பொருள். 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கித் தாங்கியது. நீராவியைப் பற்றியோ, சித்திரை வெயிலில் வெந்து புரட்டாசி மழையில் நனையும் ரப்பர் வளையம் சில ஆண்டுகளில் என்ன ஆகும் என்பதைப் பற்றியோ அவ்வெண் வாய் திறப்பதில்லை. விவரமறிந்த தயாரிப்பாளர் இதனால் உடலில் சிறு துளையிட்டு, காற்றை விட்டு நீர்த்துளியைத் தடுக்கும் பிடிஎஃப்இ சவ்வை ஒட்டுவர். உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் சமமாவதால் உறிஞ்சல் எழாது. அத்துளையைக் கண்டதும் "ஓட்டை" என்று எம்சீல் வைத்து அடைப்பதே நாட்டு வைத்தியத்தின் தலையாய பிழை. எவ்வளவுக்கெவ்வளவு அடைக்கிறோமோ, அவ்வளவுக்கவ்வளவு ஈரம் வெளியேற வழியற்று நிற்கும். கேமராவுக்குப் பாலித்தீன் பை கட்டுவதும் இந்த வகையே.

பரிகாரங்களுள் அரிசி டப்பாவில் புதைத்து வைத்தல் பெரிதும் போற்றப்படுவது. அரிசி ஈரத்தை இழுக்கும் என்பது மெய். ஆனால் மந்தமாகவும் கொஞ்சமாகவும் இழுக்கும். கேமராவுக்குள் தவிடும், வாய்ப்பிருந்தால் ஒரு வண்டும் சேர்வதே கண்ட பலன். சிலிக்கா ஜெல் வேறு தரத்தது. ஈரக்காற்றில் 1 கிராம் ஜெல், தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீரை ஏற்கும். மேலே கண்ட கேமராவின் சிறைக்காற்றுக்கு அது வேண்டியதைவிடப் பல மடங்கு. ஆனால் செருப்புப் பெட்டியிலிருந்து எடுத்து, மேசை டிராயரில் ஓராண்டு கிடந்த பொட்டலத்துக்கு இந்த ஆற்றல் இராது. அது அங்கேயே வயிறு நிரம்பிவிட்டது. 120 டிகிரி ஓவனில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிலைக்கு வரும். காகிதப் பையோடு வைக்கலாம். பிளாஸ்டிக் பையாயின் ஜெல்லை வெளியே கொட்டியே வைக்க வேண்டும்.

செய்முறை வருமாறு. உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். திருகைத் திறந்த கேமராவைக் கடைக்காரர் தன்னுடையதாக ஏற்பதில்லை. முடிந்திருந்தால் மின்சாரத்தை நிறுத்திக் கழற்றி, திறந்து, ஏசி அறையில் ஓர் இரவு வைக்க வேண்டும். 24 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள ஏசி அறைக் காற்றின் பனிநிலை ஏறத்தாழ 13 டிகிரி. அந்த அறையிலேயே மூடினால் உள்ளே அடைபடுவது அந்தக் காற்றுதான். 13 டிகிரிக் குளிர் சென்னைக்கு வருவதில்லை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது போதாது. அங்கே சிலிக்கா ஜெல்லும் உள்ளே போக வேண்டும், லென்ஸின் பார்வைக்குக் குறுக்கே வராதபடி. மூடுமுன் ரப்பர் வளையத்தில் ஒட்டியிருக்கும் மணலையும் எறும்பையும் துடைத்து, சிலிக்கோன் கிரீஸ் மெல்லிதாகத் தடவ வேண்டும். ஹேர் டிரையரால் ஊதுவது உள்ளிருக்கும் ஈரத்தை இடம் மாற்றுவதோடு, நெருங்கிப் பிடித்தால் டோம் வகைக் கேமராவின் பிளாஸ்டிக் மூடியையும் வளைத்துவிடும்.

மாட்டும்போது கேபிள் இணைப்பை வெளியில் தொங்கவிடாமல் பிவிசி பெட்டிக்குள் வைத்து, கேபிள் அதன் அடிப்பக்கமாக நுழையுமாறு ஒரு வளைவு விட வேண்டும். வழிந்துவரும் நீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கோன் பசையை இணைப்பருகே பூசலாகாது. உலரும்போது அது விடும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும். இரவில் மின்சாரம் நிற்காமல் பார்த்துக்கொள்வதும் தடுப்பே. கேமரா தின்னும் சில வாட் மின்சாரம் அதன் கண்ணாடியைக் காற்றைவிடச் சற்றே வெதுவெதுப்பாக வைத்திருக்கும். மின்வெட்டுக்குப் பின் சில கேமராக்கள் குருடாவதற்கு அந்த வெதுவெதுப்பு போய்விடுவதே காரணம்.

ஈரம் லென்ஸின் உள்ளடுக்குகளுக்கு இடையே புகுந்துவிட்டாலோ, சர்க்யூட் போர்டில் பச்சை பூத்துவிட்டாலோ மேற்கூறிய எதுவும் பயன்படாது. வேறு கேமரா வாங்க வேண்டியதுதான். அதைப் பழைய கேபிளில் இணைக்குமுன் இணைப்பு முனையை நறுக்கிப் பார்க்க வேண்டும். உள்கம்பி கறுத்திருந்தால் கேபிளையும் மாற்ற வேண்டும்.