அரையின் போக்கிடம்: பின்னம் நீக்கும் கம்பைலர்களின் குண இயல்பு குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் நோக்கமும் கருதுகோளும்

பத்து ரூபாய் ஐம்பது காசில் அந்த ஐம்பது காசு எங்கே போயிற்று என்று கடையில் கேட்பவனுக்குக் கஞ்சன் என்று பெயர். அதே கேள்வியைக் கணினியிடம் கேட்பவனுக்கு ஆய்வாளன் என்று பெயர். கேள்வி ஒன்றுதான், மரியாதைதான் இடத்துக்கு இடம் மாறுகிறது. மரியாதை கிடைக்கும் இடத்தைத் தேர்ந்துகொள்வது ஆய்வு மரபாதலால், இக்கட்டுரை இரண்டாம் வழியில் செல்கிறது.

கடைக்காரருக்காவது கைகொடுக்கச் சட்டம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மத்திய ஜிஎஸ்டி சட்டம் தன் 170-ஆம் பிரிவில், வரித்தொகையில் ஐம்பது காசோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு ரூபாயாக்கு, குறைந்தால் விட்டுவிடு என்று வழக்கை முடித்துவிட்டது. கணினிக்கு அப்படியொரு ஒற்றைத் தீர்ப்பு வாய்க்கவில்லை. சி மொழியின் 1999-ஆம் ஆண்டுத் தரத்தில் பின்னத்தை நீக்குவதற்கு மட்டும் ஃப்ளோர், சீல், ட்ரங்க், ரவுண்ட், ரின்ட், நியர்பைஇன்ட் என்று ஆறு பேர் இருக்கிறார்கள். முதல் இருவர் பழையவர்கள். மற்ற நால்வரும் அத்தரத்தோடு பணியில் சேர்ந்தவர்கள். விடையை முழு எண் வகையிலேயே தரும் எல்ரின்ட், எல்ரவுண்ட் ஆகியோர் இக்கணக்கில் சேர மாட்டார்கள். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை அழிக்கும் ஒரே வேலைக்கு இத்தனை பணியிடங்களா என்று நிதித்துறை கேட்டால் விடையளிப்பதும் இவ்வாய்வின் துணை நோக்கம்.

கருதுகோள் இது: பின்னத்தை நீக்குவது அற்ப வேலை, அதை விரைவாக நீக்கச் சொன்னால், கம்பைலர் நம்மிடம் வேறொன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் செய்யும்.

2. அரை குறித்த மதபேதங்கள்

2.3 என்றால் இரண்டு, 2.7 என்றால் மூன்று என்பதில் உலகம் ஒற்றுமையாக இருக்கிறது. 2.5 வந்ததும் கட்சி பிரிகிறது. சி மொழியின் ரவுண்ட், அரையைக் கண்டால் சுழியை விட்டு விலகி ஓடும்: 2.5 மூன்றாகும், -2.5 கழித்தல் மூன்றாகும். பைத்தான் 3 இரட்டைப்படையில் போய் அமரும்: 2.5 இரண்டாகும், 3.5 நான்காகும். ஜாவாஸ்கிரிப்ட் எப்போதும் மேல்நோக்கியே பார்க்கும்: 2.5 மூன்றாகும், -2.5 கழித்தல் இரண்டாகும். பைத்தான் 2 சி மொழியின் மதத்தில் பிறந்தது. 2008-இல் பைத்தான் 3 வந்தபோது இரட்டைப்படைக்கு மாறியது.

இரட்டைப்படை மதத்தை 1985-இல் ஐஇஇஇ 754 தரம் இயல்பு வழக்கமாக ஏற்றுக்கொண்டது. அத்தரத்துக்குப் பின்னிருந்த வில்லியம் கஹானுக்கு 1989-இல் ட்யூரிங் விருது கிடைத்தது. ஒரே பக்கமாக உருட்டிக்கொண்டே போனால் கூட்டுத்தொகை அந்தப் பக்கம் சாயும் என்பதே இம்மதத்தின் அடிப்படை. சாய்ந்தால் என்னாகும் என்பதற்குக் கனடாவின் வான்கூவர் பங்குச்சந்தை சான்று. 1982 ஜனவரியில் ஆயிரத்தில் தொடங்கிய அதன் குறியீட்டெண்ணை, ஒவ்வொரு முறை கணக்கிடும்போதும் மூன்று தசம இடங்களோடு வெட்டிவிட்டார்கள்; உருட்டவில்லை. வெட்டி வெட்டி 1983 நவம்பரில் அது 524 அளவுக்கு இறங்கிக் கிடந்தது. சரியாகக் கணக்கிட்டதும் 1098-ஐத் தாண்டியது. பாதிச் சந்தை பின்னத்தில் போயிருந்தது.

தமிழ்ப் பின்னங்களையும் இங்கே சோதிப்பது முறை. அரை, கால், அரைக்கால், வீசம் ஆகிய நான்கின் வகுஎண்களும் இரண்டின் அடுக்குகள். எனவே அவை கணினியின் இருமக் கணக்குக்குள் சிந்தாமல் சிதறாமல் நுழைகின்றன. இருபதில் ஒன்றான மா, எண்பதில் ஒன்றான காணி, முந்நூற்றிருபதில் ஒன்றான முந்திரி ஆகியவற்றின் வகுஎண்களில் ஐந்து ஒளிந்திருக்கிறது. அவை வாசலிலேயே உருட்டப்பட்டு, வேறொரு எண்ணாகத்தான் உள்ளே வருகின்றன. அரை பழுதின்றி உள்ளே வந்துவிடுவதால்தான் அதைப் பற்றிச் சண்டை போட முடிகிறது என்பது இப்பகுதியின் கண்டுபிடிப்பு.

3. தொல்லியல் சான்றுகள்

இன்டெல்லின் 8087 கணக்குச் சில்லு 1980-இல் வந்தது. எந்தப் பக்கம் உருட்டுவது என்பதை அது ஒரு கட்டுப்பாட்டுச் சொல்லில் எழுதிவைத்துக்கொள்ளும். இயல்பு, அருகிலுள்ள முழு எண். சி மொழியோ, தசம எண்ணை முழு எண் வகைக்கு மாற்றினால் பின்னத்தை வெட்டியே தீரவேண்டும் என்று விதித்திருந்தது. சில்லுக்கு ஒரு வழக்கம், மொழிக்கு ஒரு சட்டம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கம்பைலர், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழைய கட்டுப்பாட்டுச் சொல்லை எடுத்து வைத்து, 'வெட்டு' என்று புதிதாக எழுதி, எண்ணை மாற்றி, பழைய சொல்லைத் திரும்ப ஏற்றியது. அந்தச் சொல்லை மாற்றும்போதெல்லாம் சில்லின் உள்ளோட்டம் தடைபட்டது. ஒலிக்கோப்பின் ஒவ்வொரு மாதிரியையும் முழு எண்ணாக்க வேண்டிய ஒலி நிரலர்கள், இந்தச் சடங்கைத் தவிர்க்க எல்ரின்ட்டைச் சரணடைந்தார்கள். அது நடப்பிலுள்ள வழக்கத்தையே பின்பற்றுவதால் சொல்லை மாற்ற வேண்டியதில்லை.

2004-இல் இன்டெல்லின் எஸ்எஸ்இ3 கட்டளைத் தொகுதியில் எஃப்ஐஎஸ்டிடிபி என்றொரு கட்டளை வந்தது. கட்டுப்பாட்டுச் சொல்லில் என்ன எழுதியிருந்தாலும் பாராமல் வெட்டுவது ஒன்றே அதன் பிறவிப்பயன். அதற்குள் புது நிரல்கள் எஸ்எஸ்இ2-க்குக் குடிபெயரத் தொடங்கியிருந்தன. அங்கே வெட்டும் கட்டளை முதலிலிருந்தே இருந்தது. தேவை தீர்ந்தபின் வந்த தீர்வுகளின் பட்டியலில் இதையும் சேர்க்கலாம்.

4. நூலகத்துக்குப் போய்வரும் செலவு

2007-இன் இறுதியில் பென்ரின் சில்லுகளோடு எஸ்எஸ்இ4.1 வந்தது. அதிலுள்ள ரவுண்ட்எஸ்டி என்ற ஒரே கட்டளை ஃப்ளோர், சீல், ட்ரங்க், ரின்ட் ஆகிய நால்வரின் வேலையையும் பார்க்கும். கதை இத்துடன் முடிந்திருக்க வேண்டும். முடியாததற்குக் காரணம் 2003. அந்த ஆண்டு விற்பனைக்கு வந்த முதல் 64 பிட் எக்ஸ்86 சில்லுகளுக்கு எஸ்எஸ்இ2 வரைதான் தெரியும். வேறு உத்தரவு இல்லாதவரை, எழுதும் நிரல் அந்தச் சில்லிலும் ஓடவேண்டும் என்பது கம்பைலரின் விரதம். எனவே ஃப்ளோர் என்று எழுதினால், கணித நூலகத்தைக் கூப்பிடு என்று எழுதிவைத்துவிட்டு அது ஒதுங்கிக்கொள்கிறது.

லினக்ஸின் ஜிலிப்சி நூலகம் விவரமானது. தொடக்கத்திலேயே சில்லின் வயதை விசாரித்து, புதியதென்றால் அதற்குரிய செயலியை, அதாவது ஃபங்ஷனை, காட்டிவிடும். அந்தச் செயலிக்குள் எட்டிப் பார்த்தால் ரவுண்ட்எஸ்டி கட்டளை ஒன்றும், திரும்பிப் போ என்ற கட்டளை ஒன்றும் கிடக்கின்றன. ஒரு கட்டளைக்காக ஒரு பயணம்!

பயணச் செலவு நடப்பதில் இல்லை; புறப்படுவதில் இருக்கிறது. லினக்ஸ் மரபுப்படி, கூப்பிடப்படும் செயலி 16 எக்ஸ்எம்எம் பதிவகங்களில் எதையும் அழிக்கலாம். ஆகவே கூப்பிடுபவர் கையில் வைத்திருந்த எண்களை எல்லாம் நினைவகத்தில் போட்டுவிட்டுப் போய், வந்தபின் திரும்ப எடுக்க வேண்டும். பத்து ரூபாய்ச் சில்லறை மாற்ற எதிர்க்கடைக்குப் போகும் நடைபாதை வியாபாரி, விரித்த பண்டங்களை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டுப் போய், வந்து மறுபடி விரிப்பதற்கு ஒப்பானது இது.

இதைவிடப் பெரிய நட்டம் கண்ணுக்குத் தெரியாது. சுழலுக்குள் வெளி அழைப்பு இருந்தால், கம்பைலர் அச்சுழலைப் பொதுவாகத் திசையனாக்காது, அதாவது பல எண்களை ஒரே கட்டளையில் கையாளச் செய்யாது. ஏவிஎக்ஸ் கட்டளை நான்கு இரட்டைத் துல்லிய எண்களின் பின்னங்களை ஒரே வீச்சில் நீக்கக்கூடியது. அழைப்பு குறுக்கே நின்றால், பின்னம் மட்டுமல்ல, அதே சுழலிலுள்ள கூட்டலும் பெருக்கலும் ஒவ்வொன்றாகவே நடக்கும்.

ஏஆர்எம் 64 பிட் குடும்பத்தில் இந்தத் துயரம் இல்லை. முதல் நாளிலிருந்தே பின்னம் நீக்க ஏழு கட்டளைகள் அங்கே இருக்கின்றன. சி மொழியின் ரவுண்ட் கேட்கிற, அரையில் சுழியை விட்டு விலகும் கட்டளையும் அவற்றில் உண்டு. எக்ஸ்86-இல் அது மட்டும் இல்லை. அந்த இல்லாமையிலிருந்து அடுத்த இயல் பிறக்கிறது.

5. தந்திர இயல்

ரவுண்ட் செய்ய என்ன பெரிய வித்தை, 0.5 கூட்டி ஃப்ளோர் எடுத்தால் ஆயிற்று என்பார் ஒரு சாரார். ஜாவா 6 வரை மேத்.ரவுண்ட் செயலியின் இலக்கணமே அதுதான். இக்கூற்று 0.49999999999999994 என்ற எண்ணிடம் தோற்கிறது. அரைக்குச் சற்றே குறைவான அதற்கு விடை சுழி. ஆனால் அதோடு 0.5 கூட்டினால் வருவது, ஒன்றுக்கும் அதற்கு முந்தைய எண்ணுக்கும் மிகச் சரியாக நடுவில் விழுகிறது. நடுவில் விழுந்தால் இரட்டைப்படை, ஆக, ஒன்று. அரையைத் தீர்க்கப் போன இடத்தில் இன்னோர் அரை உட்கார்ந்திருந்தது. ஜாவா 7-இல் இதைத் திருத்தினார்கள்.

ஃபாஸ்ட்-மேத் உத்தரவும் எஸ்எஸ்இ4.1-உம் கிடைத்தால், ஜிசிசி கம்பைலர் இங்கே நயமான வேலை செய்கிறது. 0.5-க்குப் பதிலாக, வம்பு செய்த அதே 0.49999999999999994-ஐ எண்ணின் குறியோடு சேர்த்துக் கூட்டிவிட்டுப் பின்னத்தை வெட்டுகிறது. இப்போது பழைய வம்பெண் ஒன்றைத் தொடாமல் நின்றுவிடும், உண்மையான 0.5 மட்டும் அதே நடுப்புள்ளியில் விழுந்து ஒன்றாகும். திருடன் கையிலேயே சாவியைக் கொடுத்து வேலை வாங்கியிருக்கிறார்கள்.

எஸ்எஸ்இ4.1 இல்லாத காலத்துத் தந்திரம் இன்னும் பழையது. நேர் எண்ணோடு 4503599627370496, அதாவது இரண்டின் 52-ஆம் அடுக்கைக் கூட்டி, உடனே கழித்துவிட வேண்டும். அவ்வளவு பெரிய எண்ணுக்குப் பக்கத்தில் பின்னத்துக்கு இடமில்லாததால் அது உதிர்ந்துவிடும். கிட்டத்தட்ட 45 கோடி கோடியைக் கடன் வாங்கி அடுத்த கணமே திருப்பிக் கொடுத்து, நடுவில் சில்லறையை மட்டும் தொலைத்துவிட்டு வரும் இம்முறையை நிதியியலாளர்களும் ஆராயலாம்.

விரைவு என்று பார்த்தால் வியப்பு காத்திருக்கிறது. ஸ்கைலேக் சில்லில் ரவுண்ட்எஸ்டி விடை தர எட்டுச் சுழற்சிகள் ஆகும். கூட்டலுக்கு நான்கு, கழித்தலுக்கு நான்கு. தனிக் கட்டளையும் பழைய தந்திரமும் தாமதத்தில் சமம். லாபம், பெரிய எண்களுக்கும் எதிர்மறைகளுக்கும் தனிச் சோதனை வேண்டாம் என்பதில்தான்.

6. கொடுத்ததும் பெற்றதும்

ஃபாஸ்ட்-மேத் என்று ஒரு சொல்லைக் கம்பைலரிடம் சொன்னால் தடைகள் எல்லாம் விலகும். விலகுபவை எவை என்று பார்ப்பதே நம் கருதுகோளுக்கான சோதனை.

முதலாவது, சுழியின் குறி. -0.3-க்கு சீல் எடுத்தால் விடை கழித்தல் சுழி. ஒன்றை அதால் வகுத்தால் எதிர்மறை முடிவிலி. முழு எண் வகைக்குப் போய்த் திரும்பும் குறுக்குவழியில் அந்தக் குறி தொலைந்துவிடும். இரண்டாவது, கொடி. விடை துல்லியமற்றது என்று சில்லின் ஒரு மூலையில் உயரும் கொடியை யாராவது பார்க்கக்கூடும் என்றுதான் கம்பைலர் சில குறுக்குவழிகளை மறுக்கிறது. மூன்றாவது, எர்நோ. எல்ரின்ட்டை ஜிசிசி எக்ஸ்86-இல் ஒற்றைக் கட்டளையாக்க வேண்டுமானால், பிழைக்குறிப்பு தேவையில்லை என்று நாம் எழுதிக் கொடுக்க வேண்டும். நான்காவது, எண்ணல்லாதவை. 'நான்' (NaN) என்ற மதிப்பு வராது என்று கம்பைலர் நம்பிவிடுவதால், அது வந்திருக்கிறதா என்று நாம் வைத்த சோதனையையே நீக்கிவிடலாம்.

ஐந்தாவது, கூட்டல் வரிசை. கூட்டிக் கழித்தால் பழைய எண்தான் என்று பள்ளிக் கணக்கைக் கம்பைலர் நினைவுகூரும். மேலே சொன்ன 45 கோடி கோடித் தந்திரம் முழுவதையும் துடைத்துவிட்டு, 2.7-ஐ 2.7 ஆகவே திருப்பித் தரும். மிக விரைவாகத் தரும் என்பதில் ஐயமில்லை.

7. முடிவுகளும் பரிந்துரைகளும்

கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. பின்னம் நீக்குவதில் காலம் தின்பது கட்டளையன்று; நாம் படிக்காமலே கம்பைலர் நமக்காகக் காத்துவரும் வாக்குறுதிகள். ஆறு பணியிடங்களும் அவசியமானவை என்று நிதித்துறைக்குத் தெரிவிக்கலாம்.

நிரலர்களுக்கு மூன்று பரிந்துரைகள். பழைய சில்லுகள் தேவையில்லையெனில் எஸ்எஸ்இ4.1-ஐயோ, 2020-இல் வகுக்கப்பட்ட எக்ஸ்86-64-வி2 அடுக்கையோ கேட்டு வாங்குங்கள். ஃப்ளோரும் சீலும் வேறெதையும் இழக்காமல் விரைவாகும். அதற்கு மேலும் வேண்டுமெனில் எர்நோ வேண்டாம், கொடிப் பொறிகள் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். ஃபாஸ்ட்-மேத் என்று மொத்தமாகக் கையெழுத்திட வேண்டாம். எல்லாவற்றுக்கும் முன், பின்னம் நீக்கும் வேலை உங்கள் நிரலில் எவ்வளவு நேரம் தின்கிறது என்று பர்ஃப் என்ற அளவீட்டுக் கருவி கொண்டு அளந்து பாருங்கள். அளக்காமலே வேகப்படுத்துவோர் இக்கட்டுரையை மேற்கோள் காட்டாதிருக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.