ஆள் போவார், சம்பளம் போகாது!

கேள்வி: கொள்ளைச் சம்பளம் வாங்கியும் சோபிக்காத வீரரை என்.பி.ஏ. கூடைப்பந்து அணி கழற்றிவிடலாமா?

பதில்: தாராளமாக! ஆனால், ஆள்தான் போவார், செலவு போகாது. டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணி 2013-ல் ஜாஷ் ஸ்மித்தை 4 ஆண்டுகளுக்கு 5.4 கோடி டாலர் பேசி எடுத்தது. 2014 டிசம்பரில், 28 ஆட்டங்களில் 23 தோல்வி கண்டதும் அவரை அனுப்பிவிட்டது. அடுத்த 7 ஆட்டங்களிலும் வெற்றி! ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த 2 ஆண்டுச் சம்பளத்தை விதிப்படி 5 ஆண்டுத் தவணையாக்கி, விவாகரத்து ஜீவனாம்சம் போல 2020 வரை ஆண்டுக்குச் சுமார் 54 லட்சம் டாலர் அழுதது. வைத்திருந்தாலும் அந்தப் பணம் போகத்தான் போகிறது; கூடவே ஆட்டமும் ஏன் போக வேண்டும்? கழற்றிவிடுவதே லாபம்!